ஸ்பிரிங் லேக், சான் மார்க்கோஸ்: கண்ணாடிப் படகுக்கு அடியில் தெரியும் செடிகள் எவை? பாதுகாக்கப்பட்ட ஏரியில் ஏன் வெட்டுகிறார்கள்?

கொன்றை (கேள்வி)

வணக்கம். டெக்சஸ் மாநிலம் சான் மார்க்கோஸில் உள்ள ஸ்பிரிங் லேக்குக்கு எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகிறோம். வயது 10 முதல் 14 வரை. கண்ணாடி அடித்தளப் படகில் போகும்போது கீழே தெரிவதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வரும் பொறுப்பு எனக்கு. மூன்று விஷயங்களில் உதவி தேவை.

முதலாவது, செடிகள். படங்களில் எல்லாமே பச்சையாக, நாடா நாடாவாக இருக்கின்றன. எது நாட்டுச் செடி, எது வந்தேறி என்று மேலிருந்து பார்த்தே பிரித்துச் சொல்ல வழி உண்டா? இரண்டாவது, அழியும் நிலையில் உள்ள உயிர்கள் வாழும் ஏரி என்கிறார்கள். ஆனால் முக்குளிப்போர் ஊற்றுவாயைச் சுற்றி வெட்டுக்கத்தியால் செடிகளை வெட்டுகிறார்கள் என்றும் படித்தேன். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், என்ன பதில் சொல்வது? மூன்றாவது, சாலமாண்டரும் (பல்லி போன்ற உருவம் கொண்ட நீர்வாழ் உயிர்) டார்ட்டர் என்ற சிறு மீனும் படகிலிருந்து கண்ணுக்குத் தெரியுமா?

கொறுக்கை

செடிகளைப் பற்றி நான் சொல்கிறேன், விலங்குகளை இங்கே வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

ஏரியின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் லேக் இயற்கையாக உண்டான ஏரி இல்லை. எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்ப்படுகையின் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு வரும் இடத்துக்குக் கீழே 1849-இல் அணை கட்டினார்கள். ஊற்றுகள் நீருக்குள் மூழ்கி ஏரியானது. பெரியதும் சிறியதுமாக 200-க்கு மேற்பட்ட ஊற்றுவாய்கள். சராசரியாக நொடிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் வருகிறது. வெப்பம் ஆண்டு முழுவதும் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஏரிக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஊற்றுகள் இருக்கும் பிரதான கிளையில் நீர் கண்ணாடி மாதிரி தெளிவு. சிங்க் க்ரீக் ஓடை வந்து சேரும் மற்றக் கிளை தேங்கிய குட்டை போன்றது, கலங்கலும் சேறும் அதிகம். படகு ஓடுவது பிரதான கிளையில். பிள்ளைகள் நடைபாலத்தில் பார்ப்பது இரண்டாவது கிளையின் ஈரநிலத்தை. இரண்டும் ஒரே ஏரி என்றாலும் செடிகள் வேறு.

இனி அடையாளம். படகிலிருந்து பார்க்கும்போது பூவையும் காயையும் நம்ப முடியாது. இலை தண்டில் எப்படி அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

விசிறி மாதிரி நுணுக்கமாகப் பிளந்த இலை, ஒரு கணுவுக்கு இரண்டு என்று எதிரெதிராக இருந்தால் அது கபோம்பா. இங்கே நாட்டுச் செடி. கேரளத்து வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே இனம்தான், அங்கே அது வந்தேறி. ஏரியின் ஊற்றுகளில் ஒன்றுக்குக் கபோம்பா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இலை நுணுக்கமாகப் பிளந்து, ஆனால் கணுவைச் சுற்றி வட்டமாக இருந்து, நுனி கவட்டை போலப் பிரிந்தால் அது செரட்டோஃபில்லம். வேர் கிடையாது, சும்மா மிதந்து கொண்டோ சிக்கிக்கொண்டோ இருக்கும். இதுவும் நாட்டுச் செடி.

ஹைட்ரில்லாவை, அதாவது நம் ஏரிகளில் வேலம்பாசி என்று சொல்லும் செடியை, மேலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். கையில் கிடைத்தால் சுலபம். கணுவுக்கு 4 முதல் 8 இலைகள், பெரும்பாலும் 5. இலை விளிம்பில் கண்ணுக்கே தெரியும் பற்கள் இருக்கும். இலையின் அடியில் நடுநரம்பில் முள் போன்ற மேடுகள் இருக்கும். விரலால் கீழிருந்து மேலாக வருடினால் சொரசொரக்கும். எகேரியா என்று மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் செடி கிட்டத்தட்ட இதே தோற்றம், ஆனால் இலை பெரிது, தொட்டால் வழவழப்பு. அதுவும் வந்தேறிதான். கணுவுக்கு மூன்றே இலை, வழவழப்பு என்றால் எலோடியா.

ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா இந்தியாவிலிருந்து போனது. நம் நீர்முள்ளியின் பங்காளி, மீன்தொட்டி வணிகத்தில் புகுந்து உலகம் சுற்றியது. இதையும் லுட்விஜியா ரெபென்ஸ் என்ற நாட்டுச் செடியையும் குழப்பிக்கொள்வார்கள். இரண்டிலும் இலைகள் எதிரெதிர். லுட்விஜியாவின் இலை வட்டம் சார்ந்தது, சிறு காம்பு இருக்கும், அடிப்பக்கம் செந்நிறம் ஓடும். ஹைக்ரோஃபிலாவின் இலை நீளவாக்கில் ஒடுங்கி, காம்பில்லாமல் தண்டிலேயே ஒட்டியிருக்கும், தண்டு ஏறக்குறைய சதுரம். ஏரியில் லுட்விஜியா தனித்தனிப் புதராக நிற்கும். ஹைக்ரோஃபிலா நீர்மட்டம் வரை ஏறி, மேலே ஒரு கூரை போட்டுவிடும். படகிலிருந்து பார்க்கும்போது இந்தக் கூரைதான் நல்ல அடையாளம்.

நாடா இலைகளில் மூன்று இருக்கின்றன. வாலிஸ்னேரியாவின் நுனி மழுங்கல், நடுவில் வெளிறிய அகலப்பட்டை ஓடும். சஜிட்டேரியா குட்டையாகக் கொத்தாக இருக்கும், பட்டையான இலை, நீருக்கு வெளியே வரும் இலை மட்டும் அகலமாகக் காம்போடு இருக்கும். மூன்றாவதுதான் உலகில் வேறெங்கும் இல்லாத டெக்சஸ் காட்டு நெல், ஜிஸானியா டெக்ஸானா. நீரோட்டத்தில் 1 முதல் 2 மீட்டர் நீள இலைகள் கூந்தல் மாதிரி படுத்து அலையும், பளிச்சென்ற பச்சை, நுனி கூர்மை. நம் நெல்லுக்குத் தூரத்து உறவு, புல் குடும்பம். கதிர் நீருக்கு மேலே எழும்பும், கதிரின் மேல்கிளைகளில் பெண்பூ, கீழ்க்கிளைகளில் ஆண்பூ. ஏரியில் இது குறைவு. நிறையப் பார்க்க வேண்டுமானால் அணைக்குக் கீழே ஆற்றுக்குப் போங்கள். பாலத்தின் மேல் நின்றாலே தெரியும்.

கரையில் சேம்பு நிற்கும், நம் சேப்பங்கிழங்குச் செடிதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவுப் பயிராகக் கொண்டுவந்தது ஆற்றங்கரை முழுக்கப் படர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு உடனே அடையாளம் தெரியும் செடி அது ஒன்றுதான் என்பதால் அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

ஓடைநண்டு

வெட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் மற்ற எல்லாம் விளங்கிவிடும்.

ஊற்றுவாயைச் சுற்றிச் செடி அடர்ந்தால் அங்கே நீரின் வேகம் தணிகிறது. வேகம் தணிந்த இடத்தில் வண்டல் படிகிறது. வண்டல் சரளைக் கற்களின் இடுக்குகளை அடைக்கிறது. சான் மார்க்கோஸ் சாலமாண்டர் வாழ்வதே அந்த இடுக்குகளில்தான். அது வளர்ந்த பிறகும் செவுளை விடாத வகை, கரையேறவே ஏறாது. 6 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. வண்டல் மூடிய கல்லுக்கு அடியில் அது இருக்காது. அங்கே அதன் இரையான ஆம்பிபாட் எனும் பொடி இறால் போன்ற உயிர்களும் இருக்காது. கோமல் ரிஃபிள் வண்டு என்று ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வண்டு ஒன்று இருக்கிறது, 1997 முதல் அழியும் நிலைப் பட்டியலில். அதற்கும் அடைபடாத ஊற்றுவாய்தான் வீடு.

அதனால் பயிற்சி பெற்ற முக்குளிப்போர் ஊற்றுகளுக்கு முறை வைத்து வருகிறார்கள். எட்வர்ட்ஸ் நீர்ப்படுகை வாழிடப் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கென்று அளவு இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து ஊற்றுகள் அளவில் செய்து, அதே ஊற்றுக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வருவார்கள். முதலில் நீச்சல் துடுப்பால் மெல்ல விசிறி வண்டலைக் கிளப்பிவிடுவது. பிறகு ஊற்றுவாயிலிருந்து 1.5 மீட்டர் ஆரத்துக்குச் செடியை அடியோடு வெட்டுவது. அடுத்த 1.5 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டுவது. அதற்கடுத்த 3 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம் விட்டு வெட்டுவது. மொத்தம் 6 மீட்டர், ஊற்றிலிருந்து வெளியே போகப் போகப் படிப்படியாக உயரும் அமைப்பு. ஒரேயடியாக 6 மீட்டரையும் மழித்தால் டார்ட்டர் மீனுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும். படி வைப்பது அதனால்தான்.

பாசிமெத்தையை மட்டும் தொடுவதே இல்லை. ஆம்ப்ளிஸ்டீஜியம் என்ற நீர்ப்பாசி, தரையை ஒட்டி மெத்தை போல இருக்கும். ஏரியிலேயே சாலமாண்டரும் டார்ட்டரும் மிக நெருக்கமாக வாழ்வது அதில்தான். அனுபவமில்லாத கை முதலில் பிடுங்கப் பார்ப்பதும் அதைத்தான், ஏனென்றால் பார்வைக்கு அழுக்குப் படிந்த பாசி போலத் தெரியும்.

படகுத் தடங்களில் அறுவடைப் படகு ஒன்று போய் மேல் 1 மீட்டரை மட்டும் அறுக்கும். மாதம் 15 முதல் 20 படகுச் சுமை வரை செடி வரும். இதில் கவனிக்க வேண்டியது, வெட்டிய செடி எங்கே போகிறது என்பது. மிதக்கும் குப்பை அணை தாண்டி ஆற்றில் இறங்கினால் காட்டு நெல்லின் இலைகள்மேல் போய்ப் படிந்து பாய்போல மூடும். வெயில் மறையும், கதிர் மேலே எழும்ப முடியாது, பூக்காது. அதனால் அறுத்ததை அள்ளிக் கரையேற்றுவது அறுப்பதற்குச் சமமான வேலை. ஆற்றிலும் காட்டு நெல் பயிர்களின்மேல் சேர்ந்த குப்பையை ஆள் வைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வி. ஃபவுண்டன் டார்ட்டர் படகிலிருந்து தெரிவது அரிது. 2.5 சென்டிமீட்டர்தான் இருக்கும், நீந்தித் திரியாது, அடியில் செடிக்குள் கிடக்கும். நகரும் இரையை மட்டுமே தின்னும். 1970-இலிருந்து அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. சாலமாண்டர் 1980 முதல் அச்சுறுத்தலுக்குள்ளான இனம். பகலில் கல்லுக்கு அடியில்தான் இருக்கும், அதுவும் பாறையின் பழுப்பு நிறத்திலேயே. படகிலிருந்து அதைப் பார்ப்போம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள். கரையில் உள்ள கண்காட்சிக் கூடத்துத் தொட்டிகளில் காட்டிவிட்டுப் படகில் ஏறினால், கீழே எந்த மாதிரிக் கல்லுக்கடியில் அது இருக்கும் என்று அவர்களே தேடுவார்கள்.

படகிலிருந்து உறுதியாகத் தெரிபவை: லார்ஜ்மவுத் பாஸ், சன்ஃபிஷ் வகைகள், கூர்மூக்குக் கார் மீன், ஆமைகள், மணல் கொதிப்பது போல் பொங்கும் ‘க்ரீம் ஆஃப் வீட்’ ஊற்று. குளிர்காலமென்றால் நாமக்கோழியின் உறவான அமெரிக்கக் கூட் பறவைகள், நீர்க்காகங்கள். பெரிய நீலக்கொக்கு எல்லாப் பருவத்திலும் உண்டு.

கொன்றை

இருவருக்கும் நன்றி. ஊற்றைச் சுற்றிப் படிப்படியாக வெட்டும் கணக்கைப் படமாகவே வரைந்துவிட்டேன்.

இரண்டு துணைக்கேள்விகள். ஹைட்ரில்லாவை வெட்டி மாளாது என்றால் நம்மூரில் மீன் பண்ணைக்காரர்கள் விடுவது போலப் புல் கெண்டையை விட்டால் என்ன? இல்லை, களைக்கொல்லி அடித்தால் என்ன? இரண்டாவது, பெற்றோர் ஒருவர் வீட்டில் இந்தியச் செடிகள் வைத்த மீன்தொட்டி வைத்திருக்கிறார். ‘நம்ம ஊர்ச் செடிதானே அங்கே இருக்கிறது, ஒப்பிட்டுக் காட்ட நான்கு கொப்பு எடுத்து வரட்டுமா’ என்று கேட்கிறார். எடுத்து வரலாமா?

வேர்க்கால்

இரண்டாவதுக்கு ஒரே சொல்: வேண்டாம். ஹைட்ரில்லாவும் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவும் அமெரிக்க மத்திய அரசின் தீங்குக்களைப் பட்டியலில் இருக்கின்றன. இறக்குமதி செய்வதும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதும் சட்டமீறல். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் காரணம் கனமானது. இந்தச் செடிகள் பரவுவது விதையால் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருக்கும் ஹைட்ரில்லா பெண்செடி மட்டுமே கொண்ட வகை. 1950-களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வணிகம் வழியாக ஃப்ளோரிடாவுக்குப் போனது. விதை இல்லாமலே இத்தனை தூரம் பரவியது ஒற்றைக் கணு ஒடிந்து மிதந்தாலும் வேர்விடும் திறத்தால். போதாததற்கு மண்ணுக்குள் பட்டாணி அளவில் கிழங்கு வைக்கும். மேலே முழுக்க அறுத்தாலும் அந்தக் கிழங்கு பல ஆண்டு உயிரோடு கிடந்து மறுபடி முளைக்கும். ஒரு பை செடியைத் திறந்து காட்டி, நான்கு இலை படகின் ஓரத்தில் விழுந்தால் போதும்.

இலங்கையின் இன்னொரு செடி, கிரிப்டோகோரைன் பெக்கெட்டி. மீன்தொட்டி ஆர்வலர்கள் ‘கிரிப்ட்’ என்று கொண்டாடும் அதே செடி. அங்கே தன் சொந்த ஓடைகளில் அளவாக வாழும் செடி சான் மார்க்கோஸ் ஆற்றில் 1990-களில் கண்டறியப்பட்டபின் சில ஆண்டுகளில் பல மடங்கானது, காட்டு நெல் இருக்கும் பக்கமாகப் படர்ந்தது. முக்குளிப்போர் உறிஞ்சு குழாய் வைத்து வேரும் மண்ணுமாக எடுத்துத்தான் அதைப் பெருமளவு ஒழித்தார்கள். ஆரம்பத்திலேயே பிடித்ததால் முடிந்தது. ஹைட்ரில்லா விஷயத்தில் அந்தக் காலம் கடந்துவிட்டது.

புல் கெண்டை யோசனை நம்மவர்களுக்கு இயல்பாக வரும், பண்ணைக் குளத்தில் பலனும் தரும். இங்கே சரிவராது. புல் கெண்டைக்கு நெல் வகைப் புல்லும் உணவுதான். காட்டு நெல்லின் இளங்குருத்தையும் மேயும். கபோம்பா, லுட்விஜியா எதையும் விடாது. அணைக்குக் கீழே ஆறு திறந்து கிடக்கிறது, மீனை நிறுத்தவும் முடியாது. களைக்கொல்லி விஷயமும் இதே. ஃப்ளூரிடோன் போன்றது ஹைட்ரில்லாவைக் கொல்ல வேண்டுமானால் குறைந்த செறிவில் வாரக்கணக்காக நீரில் நிற்க வேண்டும். ஊற்று நீர் மணிக்கணக்கில் மாறிவிடும் இடத்தில் மருந்து நிற்காது. நிற்கும் அளவுக்கு ஊற்றினால் காட்டு நெல்லுக்கும் ஆபத்து. கரைச் சேம்புக்கு மட்டும் களைக்கொல்லி பயன்படுகிறது, அது நீருக்கு வெளியே நிற்பதால் செடிமேல் மட்டும் இட முடிகிறது. கிழங்கோடு தோண்டினால் கரை இடிந்து மண் ஆற்றில் சேரும் என்பதும் ஒரு காரணம்.

இனி ஒரு மாறுபட்ட கருத்து. கொறுக்கை சொன்ன நாட்டுச் செடி, வந்தேறி என்ற பிரிவு பிள்ளைகளுக்குச் சொல்லச் சரி. ஆனால் ‘வந்தேறி எல்லாம் கெட்டது, பிடுங்கு’ என்று அவர்கள் மனதில் பதிந்துவிடக் கூடாது. டார்ட்டர் மீன் செடியின் பூர்வீகத்தைப் பார்ப்பதில்லை, அமைப்பைப் பார்க்கிறது. தரையை ஒட்டிய அடர்ந்த பாசியும் நூல்பாசியும்தான் அதற்கு முதலிடம். அடுத்தது கபோம்பாவும் லுட்விஜியாவும். நாட்டுச் செடியோ இல்லையோ, உயர்ந்து நாடாவாகப் போகும் வாலிஸ்னேரியாவில் மீன் மிகக் குறைவு. ஹைக்ரோஃபிலாவிலும் ஹைட்ரில்லாவிலும் ஓரளவு மீன் இருக்கும். ஒரு பகுதியில் ஹைட்ரில்லாவை ஒரே மூச்சில் பிடுங்கி வெறும் மண்ணாக விட்டால் அந்த மீன்களுக்கு வீடு போய்விடும், கிளம்பிய வண்டல் கீழே போய்ப் படியும், இரண்டே மாதத்தில் அதே மண்ணில் கிழங்கிலிருந்து ஹைட்ரில்லாவே திரும்ப எழும்பும். அதனால் சிறு சிறு திட்டாக எடுத்து, எடுத்த கையோடு நாட்டுச் செடியை நட்டு, அது பிடித்து மூடும்வரை மறுமுளைப்பைக் கையால் களைந்துகொண்டே இருக்க வேண்டும். அலுப்பான வேலை. வேறு வழி எதுவும் இதுவரை நிலைக்கவில்லை.

காட்டு நெல் நடுவதிலும் இடம் பார்க்காமல் நட்டால் போய்விடும். அது பல நீர்ச்செடிகளைப் போலன்றி, நீரில் கரைந்த பைகார்பனேட் உப்பிலிருந்து கரியை (கார்பனை) எடுக்கத் தெரியாத செடி, நீரில் கரைந்த கரியமில வாயுவையே நம்பியிருக்கிறது. ஊற்றுநீர் வெளியே வரும்போது கரியமில வாயு மிகுந்திருக்கும், பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 7-ஐ ஒட்டி இருக்கும். ஓட ஓட வாயு காற்றில் பறந்து பி.எச். ஏறும். ஊற்றுக்குக் கிட்டத்தில், ஓட்டம் உள்ள இடத்தில், முதல் சில கிலோமீட்டருக்குள் மட்டும் இந்த நெல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேங்கிய கிளையில் நட்டால் வாயு வந்து சேராது, இலைமேல் பாசி படியும், மடியும். ஹைட்ரில்லா பைகார்பனேட்டையும் எடுக்கும், மங்கிய வெளிச்சத்திலும் வளரும். போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

விதையைப் பற்றி ஒரு சொல்: நம் நெல்லைப் போல் காயவைத்துக் குதிரில் வைக்க முடியாது. உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதனால்தான் சான் மார்க்கோஸிலும் உவால்டேயிலும் உள்ள மத்திய அரசு மீன்வளர்ப்பு நிலையங்களில் ஓடும் நீரில் உயிர்ச்செடியாகவே வைத்து வளர்க்கிறார்கள்.

ஓடைநண்டு

வேர்க்கால் சொன்ன மீன்தொட்டி விஷயத்தில் செடியோடு ஒட்டிவரும் நத்தையைச் சேர்க்க வேண்டும். அது செடியைவிட மோசம்.

மெலனாய்டஸ் ட்யூபர்குலாட்டா, மீன்தொட்டிக்காரர்கள் ‘மலேசியன் ட்ரம்பெட்’ என்பார்கள். நம் வாய்க்கால்களில் சேற்றில் கிடக்கும் நீண்ட கூம்பு வடிவச் சின்ன நத்தை. ஆணில்லாமலே பெண் குட்டி போடும், ஒன்றே ஒன்று போனாலும் கூட்டம் பெருகும். குளிர் தாங்காது. டெக்சஸின் மற்ற ஆறுகள் குளிர்காலத்தில் குளிர்ந்துவிடும், 22 டிகிரியிலேயே நிற்கும் ஊற்று அதற்கு ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான வீடு.

இந்த நத்தையோடு சென்ட்ரோசெஸ்டஸ் ஃபார்மோசானஸ் என்ற ஆசிய ஒட்டுண்ணிப் புழுவும் வந்துவிட்டது. நத்தைக்குள் பெருகி, நீரில் நுண்குஞ்சாக வெளியேறி, மீனின் செவுளில் புகுந்து கூடு கட்டும். செவுளின் குருத்தெலும்பு அதைச் சுற்றி வீங்கிப் பெருத்து, மீன் மூச்சுக்குத் திணறும். அந்த மீனைப் பச்சைக்கொக்கு போன்ற பறவை தின்றால் புழு அதன் குடலில் முதிர்ந்து, எச்சத்தில் முட்டை விழுந்து, மறுபடி நத்தைக்குப் போகும். ஃபவுண்டன் டார்ட்டரில் இதன் பாதிப்பு 1996-இல் பக்கத்துக் கோமல் ஊற்றில் தெரியவந்தது. ஊற்றின் வரத்துக் குறைந்தால் அதே எண்ணிக்கைப் புழுக்குஞ்சு குறைந்த நீரில் நெருங்கி நிற்கும், பாதிப்புக் கூடும். கொக்கை விரட்டி இதைத் தடுக்க முடியாது. நத்தை புதிய இடத்துக்குப் போகாமல் பார்ப்பதுதான் கையில் உள்ள வழி.

ஆகவே உங்கள் குழுவில் யாராவது ஆற்றில் இறங்கிவிட்டு வேறு நீர்நிலைக்கும் போவதாக இருந்தால் காலணி, வலை, குழந்தைகளின் நீந்துகண்ணாடி எல்லாவற்றையும் பாருங்கள். வெயிலில் ஒரு நாள் காயவைத்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. நத்தைக்கு மூடி இருக்கிறது, அதை இறுக மூடிக்கொண்டு வறட்சியைத் தாங்கும். 50 டிகிரி சூட்டில் 4 நிமிடம் வைத்தால் நத்தை சாகும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். வாளியில் வெந்நீரின் சூட்டை அளந்து, 50-க்குக் கீழே இறங்காமல் 5 நிமிடம் முழுதும் மூழ்க வைப்பது நடைமுறைக்குச் சரி. வாளியில் கை வைத்துப் பார்த்துச் சூட்டைக் கணிக்காதீர்கள். வெப்பமானி வைத்து அளங்கள், வெந்நீர் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும்.

அந்தப் பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தொட்டி கழுவிய நீரையும் கழித்த செடியையும் மழைநீர் வடிகாலில் கொட்டக் கூடாது. சான் மார்க்கோஸ் நகரின் வடிகால் ஆற்றில்தான் இறங்கும். செடியைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, நன்றாக உறைந்தபிறகு குப்பைத்தொட்டியில் போடட்டும். தொட்டியின் நீரைப் புல்தரைக்கோ வீட்டுக் கழிவுக் குழாய்க்கோ விடலாம். ஆற்றில் இப்போது திரியும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, கொம்புச்சுருள் நத்தை மாரிசா, எல்லாம் யாரோ ‘பாவம், உயிர்தானே’ என்று விட்டவைதான். கெளுத்தி கரையைக் குடைந்து பொந்து போடும், மாரிசா செடியை வேர்வரை மேயும். அவற்றைப் பிடிக்க முக்குளிப்போர் இரவில் இறங்க வேண்டியிருக்கிறது.

கொறுக்கை

வேர்க்கால் என் பிரிவினையைத் திருத்தியது சரியே. டார்ட்டருக்கு அமைப்புதான் முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஏரியில் கூரை போடும் ஹைக்ரோஃபிலாவைக் ‘ஓரளவு மீன் இருக்கிறது’ என்று விட்டுவைக்க முடியாது. அதன் நிழலில்தான் கீழே உள்ள பாசிமெத்தை மடிகிறது. மீன் மிகுந்திருக்கும் செடியை மீன் சற்றே இருக்கும் செடி கொன்றுவிடுகிறது. திட்டுத் திட்டாக எடுக்கும்போது பாசிமெத்தைக்கு மேலே நிழல் விழும் இடங்களை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிள்ளைகளுக்கு நீர்வரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். செடியும் நத்தையும் கண்ணுக்குத் தெரிவதால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. 1956 வறட்சியில் சான் மார்க்கோஸ் ஊற்று நொடிக்கு ஏறக்குறைய 1,300 லிட்டராக இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. அதே ஆண்டு கோமல் ஊற்று மாதக்கணக்கில் வற்றிக் கிடந்தது. அங்கே டார்ட்டர் இல்லாமல் போனது. இன்று கோமலில் இருப்பவை 1970-களில் சான் மார்க்கோஸிலிருந்து கொண்டுபோய் விட்ட மீன்களின் வழி வந்தவை. சான் மார்க்கோஸ் ஊற்றும் வற்றியிருந்தால் கோமலில் விட மீனே இருந்திருக்காது. சான் மார்க்கோஸ் காம்பூசியா என்ற சின்ன மீனுக்கு அப்படி இரண்டாவது இடம் எதுவும் இருக்கவில்லை. 1983-க்குப் பிறகு அதை ஆற்றில் யாரும் பார்க்கவில்லை, 2023-இல் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

நிலத்தடியிலிருந்து சான் அன்டோனியோ நகரமும் விவசாயமும் எடுக்கும் அதே நீர்தான் இந்த ஊற்றில் வருகிறது. வழக்கு நீதிமன்றம் போய், 1993-இல் சட்டம் வந்து, எட்வர்ட்ஸ் நீர்ப்படுகை ஆணையம் அமைந்து, எடுப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள். வாழிடப் பாதுகாப்புத் திட்டத்தின் அனுமதி 2013-இலிருந்து 2028 வரை. வரத்து நொடிக்கு 3,400 லிட்டருக்குக் கீழே போனால் அணைக்குக் கீழே காட்டு நெல் இருக்கும் இடங்களைக் குறித்து ஆட்கள் இறங்காதபடி தடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆழம் குறைந்தால் நீரில் மிதப்பவர்களின் காலும் நாயும் படுவதே போதும் நெல்லை வேரோடு பெயர்க்க. பயணத்துக்கு முந்தைய நாள் அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் நீரளவு நிலையத்தில் அன்றைய வரத்தைப் பாருங்கள். அவர்கள் கன அடியில் தருவார்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், 120 கன அடிக்குக் கீழே என்றால் ஆற்றில் இறங்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். பாலத்திலிருந்தே நெல்லைக் காட்டிவிடலாம்.

படகில் உட்காரும்போது சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு உட்காருங்கள். கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும். ‘டைவர்ஷன்’ என்ற ஊற்றில் வலை கட்டியிருந்தால் படகோட்டியிடம் கேளுங்கள். நிலத்தடிப் படுகையில் இருட்டில் வாழும் உயிர்கள், கண்ணில்லாத டெக்சஸ் குருட்டுச் சாலமாண்டர் உட்பட, நீரோடு தள்ளப்பட்டு வெளியே வரும்போது அந்த வலையில்தான் சிக்கும். அந்தச் சாலமாண்டர் முதன்முதலில் மனிதர் கண்ணில் பட்டதும் இதே ஊரில்தான், 1895-இல் மத்திய மீன்பண்ணைக்காகத் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீரோடு வெளியே வந்தது.

கொன்றை

மிக்க நன்றி. மீன்தொட்டிக் கொப்புகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு ஹைட்ரில்லா, எகேரியா, எலோடியா மூன்றின் கணுவையும் அட்டையில் பெரிதாக வரைந்து எடுத்துப்போகிறோம். லுட்விஜியாவுக்கும் ஹைக்ரோஃபிலாவுக்கும் தனி அட்டை. கடைவீதிச் சேப்பங்கிழங்கு ஒன்றும் கையில் இருக்கும்.

வேர்க்கால்

சேப்பங்கிழங்கை மட்டும் வேகவைத்து எடுத்துப்போங்கள். பச்சைக் கிழங்கு ஈரக்கரையில் தவறி விழுந்தால் முளைத்துவிடும்.